நல்ல குழுத் தலைவர் யார்? ஒரு தொழிற்சாலை கற்றுத்தரும் பாடம்

ஜவுளிக் கடை ஒன்றில் ஓர் இளைஞர் நன்றாக விற்பனை செய்கிறார். முதலாளிக்கு மகிழ்ச்சி. "இனி இந்தத் தளத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு" என்று பத்துப் பேரை அவரிடம் ஒப்படைக்கிறார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். இருப்பவர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். விற்பனையும் குறைந்திருக்கிறது. நல்ல விற்பனையாளரை இழந்ததுதான் மிச்சம், நல்ல தலைவர் கிடைக்கவில்லை.

நம்மவர்களின் கடைகளிலும் தொழிற்கூடங்களிலும், நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் வளைகுடா நிறுவனங்களிலும் இது அடிக்கடி நடக்கிறது. வேலை தெரிந்தவருக்கு வேலை வாங்கவும் தெரிந்திருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இரண்டும் வேறு வேறு திறமைகள்.

குழுத் தலைவர் என்று நாம் இங்கே சொல்வது முதலாளியை அல்ல. பெரிய மேலாளரையும் அல்ல. ஐந்து முதல் பத்துப் பேருடன் நாள் முழுவதும் நின்று, அவர்கள் வேலை நடக்கும்படி பார்த்துக்கொள்கிறவர். சில இடங்களில் அவரை சூப்பர்வைசர் என்பார்கள், சில இடங்களில் டீம் லீடர், ஃபோர்மேன் என்பார்கள். நிறுவனத்தின் முகம் எது என்று ஒரு தொழிலாளியைக் கேட்டால், அவர் மனதில் வருவது இந்த மனிதரின் முகம்தான்.

இவருக்கு என்னென்ன பண்புகள் வேண்டும்? பட்டியல் போடுவது எளிது. அந்தப் பண்புகள் உண்மையிலேயே பலன் தருமா என்று காட்டும் ஒரு நிகழ்வை முதலில் பார்ப்போம்.

அதே தொழிலாளர்கள், வேறு தலைமை

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃப்ரீமாண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அந்த நிறுவனத்தின் மிக மோசமான தொழிற்சாலைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியிருந்தது. நூற்றுக்கு 20 பேர் வேலைக்கு வராத நாள்கள் உண்டு. வேலை நேரத்தில் குடிப்பவர்கள் இருந்தார்கள். நிர்வாகத்தின் மீதுள்ள கோபத்தில், கார் கதவின் உள்ளே காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்களாம். வாங்கியவர் கதவை மூடும்போதெல்லாம் அது உருண்டு சத்தம் கேட்கும். தொழிலாளர்களின் புகார் மனுக்கள் தீர்க்கப்படாமல் குவிந்து கிடந்தன. 1982-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

பிறகு ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் கூட்டாக அதே இடத்தில் 'நம்மி' என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கின. நிர்வாகத்தை டொயோட்டா ஏற்றது. 1984 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது. புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய தொழிற்சாலையில் இருந்த அதே தொழிலாளர்கள். தொழிற்சங்கமும் அதேதான்.

இரண்டே ஆண்டுகளில், 1986-ன் இறுதிக்குள், ஜெனரல் மோட்டார்ஸின் எந்தத் தொழிற்சாலையையும் விட நம்மியின் உற்பத்தித் திறன் உயர்ந்துவிட்டது. பழைய ஃப்ரீமாண்டுடன் ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். வேலைக்கு வராதவர்களின் அளவு 3, 4 சதவீதமாகக் குறைந்தது. காரின் தரம் ஜப்பானில் தயாராவதற்கு இணையாக இருந்தது.

ஆட்கள் மாறவில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் சரியில்லை, யாருக்கும் அக்கறை இல்லை" என்று வேலையாட்களைக் குறை சொல்லும் முன், இந்த ஒரு செய்தியை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கயிற்றை இழுத்தால் யார் வருகிறார்?

பழைய தொழிற்சாலையில் எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது: உற்பத்தி வரிசை எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. போல்ட்டு சரியாகப் பொருந்தவில்லையா? கார் போகட்டும், கடைசியில் யாராவது சரிசெய்துகொள்வார்கள். தவறைக் கண்டவர் வாயை மூடிக்கொண்டார். சொன்னால் தனக்குத்தான் வசை என்று அவருக்குத் தெரியும்.

நம்மியில் ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்கு மேலும் ஒரு கயிறு ஓடியது. டொயோட்டாவில் அதற்கு 'ஆண்டன்' என்று பெயர். ஏதேனும் தவறைக் கண்டாலோ, தன் வேலையை நேரத்துக்குள் முடிக்க முடியாமல் போனாலோ, அவர் அதை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும், இசை ஒலிக்கும். குழுத் தலைவர் அந்த இடத்துக்கு வருவார், இருவருமாகச் சரிசெய்வார்கள். குறித்த நேரத்துக்குள் சரியாகிவிட்டால் வரிசை நிற்காமல் ஓடும். சரியாகாவிட்டால் முழு வரிசையும் நிற்கும்.

அங்கே 5 முதல் 7 பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர் இருந்தார். அவர் தொழிலாளர்களில் ஒருவர், சங்க உறுப்பினர், சிறிது கூடுதல் கூலி பெற்றவர். அவருடைய முக்கிய வேலையே கயிறு இழுக்கப்பட்டால் ஓடிச் செல்வதுதான்.

நல்ல குழுத் தலைவரின் முதன்மையான பண்பு இதில் அடங்கியிருக்கிறது: கெட்ட செய்தியை அவரிடம் அச்சமின்றி, தாமதமின்றிக் கொண்டுவர முடிய வேண்டும். மற்ற பண்புகளெல்லாம் இந்த ஒன்றுக்குத் துணை நிற்பவை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வேலையை அறிந்திருப்பார்

உதவிக்கு அழைத்தால் வருபவருக்கு அந்த வேலை தெரியாவிட்டால் யாரும் அழைக்க மாட்டார்கள். நம்மியின் குழுத் தலைவர்களில் பலர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள தொழிலாளர்களுடன் வரிசையில் நின்று வேலை கற்றுத் திரும்பினார்கள். குழுவில் ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய இடத்தில் தலைவரே நின்று வேலை செய்வார்.

ஆனாலும் வேலையறிவு மட்டும் போதாது. கூகுள் நிறுவனம் 2002-ல் பொறியாளர்களுக்கு மேலாளர்களே வேண்டாம் என்று ஒரு சோதனை செய்து பார்த்தது. சிறு சிறு செலவுக் கணக்குகளுக்கும் ஆட்களுக்கிடையிலான சச்சரவுகளுக்கும் எல்லோரும் நேராக நிறுவனரிடமே போய் நின்றதால், சில மாதங்களில் அதைக் கைவிட்டது. பின்னர் நல்ல மேலாளரிடம் என்ன இருக்கிறது என்று தன் ஊழியர்களிடமே ஆய்வு செய்து எட்டுப் பண்புகளை வரிசைப்படுத்தியது. முதலிடம் பெற்றது, ஊழியருக்குப் பயிற்சி தந்து வளர்க்கும் குணம். தொழில்நுட்பத் திறமை எட்டாவது இடத்தில் இருந்தது. பொறியாளர்கள் நிறைந்த நிறுவனத்திலேயே இதுதான் நிலை.

2. கெட்ட செய்தியைப் பொறுமையாகக் கேட்பார்

அமெரிக்கப் பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த முடிவு நேர்மாறாக இருந்தது. நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். மேலும் ஆராய்ந்தபோது விளங்கியது: அந்தக் குழுக்களில் நடந்த தவறுகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். மற்ற குழுக்களில் மறைத்தார்கள்.

"எங்கள் கடையில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னால் நாம் மகிழ்வதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். அவரிடம் யாரும் சொல்லாமலும் இருக்கலாம்.

துணியைத் தவறான அளவில் வெட்டிவிட்ட பையன், அன்றைக்கே வந்து சொன்னால் ஒரு மீட்டர் நட்டம். திட்டுக்குப் பயந்து அதை அடுக்கின் அடியில் ஒளித்து வைத்தால், பெருநாள் நேரத்தில் அதை வாங்கிப்போன வாடிக்கையாளரையே இழப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சென்ற முறை ஒருவர் தவறைச் சொன்னபோது தலைவரின் முகம் எப்படி இருந்தது என்பதுதான்.

3. குற்றவாளியைத் தேடாமல் காரணத்தைத் தேடுவார்

தவறு நடந்ததும் "யார் செய்தது?" என்று கேட்பது மனித இயல்பு. டொயோட்டாவில் "ஏன் நடந்தது?" என்று ஐந்து முறை கேட்கப் பழக்குகிறார்கள். அந்த உற்பத்தி முறையை உருவாக்கிய டாயிச்சி ஓனோ இதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வார். இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? பாரம் கூடி ஃப்யூஸ் போய்விட்டது. பாரம் ஏன் கூடியது? பேரிங்குக்குப் போதிய எண்ணெய் இல்லை. எண்ணெய் ஏன் இல்லை? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போய்விட்டது.

முதல் கேள்வியோடு நின்றிருந்தால் ஃப்யூஸை மாற்றிவிட்டு, இயந்திரத்தை ஓட்டியவரையும் நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள். அடுத்த மாதம் இயந்திரம் மீண்டும் நின்றிருக்கும். ஒரு வடிகட்டி போட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

இதற்கு யாரையும் தண்டிக்கவே கூடாது என்று பொருள் இல்லை. திருட்டும் பொய்யும் வேறு, தவறு வேறு. இரண்டையும் பிரித்தறிவது தலைவருக்கு இருக்க வேண்டிய நிதானம்.

4. எது சரி என்பதைத் தெளிவாகச் சொல்வார்

சரியான முறை எது என்று யாருக்கும் சொல்லாமல் தவறுக்கு மட்டும் கோபப்படுவது அநீதி. நம்மியில் ஒவ்வொரு வேலைக்கும் படிகள் எழுதப்பட்டிருந்தன: எதை முதலில், எந்தக் கையால், எவ்வளவு நேரத்தில். அதனால் வழி தவறியது எந்த இடத்தில் என்று தலைவருக்கும் தொழிலாளிக்கும் ஒரே மாதிரி தெரிந்தது.

நம் கடைகளில் பல விதிகள் முதலாளியின் மனதில் மட்டும் இருக்கின்றன. விற்ற பொருளைத் திரும்பப் பெறலாமா, எத்தனை நாளுக்குள், எவ்வளவு தள்ளுபடி கொடுக்க விற்பனையாளருக்கு அதிகாரம் உண்டு? காலையில் ஒரு பதில், மாலையில் ஒரு பதில் என்றால் ஊழியர் எதைப் பின்பற்றுவார்? ஒரு தாளில் பத்து வரி எழுதி ஒட்டினால் பாதிக் கோபம் குறைந்துவிடும்.

5. செய்பவரிடமே ஆலோசனை கேட்பார்

அந்தப் படிகளை எழுதியது யார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பழைய தொழிற்சாலையில் பொறியாளர்கள் கடிகாரத்துடன் வந்து நின்று, தொழிலாளியின் கை அசைவை அளந்து கட்டளையிடுவார்கள். நம்மியில் அதே கடிகாரத்தைத் தொழிலாளர்கள் கையிலேயே கொடுத்தார்கள். குழுவினர் ஒருவர் வேலையை மற்றவர் அளந்து, எளிய வழியைத் தாங்களே கண்டுபிடித்து எழுதினார்கள். மேம்படுத்த வழி தோன்றினால் மாற்றினார்கள். தாமே எழுதிய விதி என்பதால் அது பாரமாகத் தெரியவில்லை.

மஷூரா என்பது நமக்குப் புதிய சொல் அல்ல. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் குடும்பத்தின் திருமணப் பேச்சிலும் நாம் ஆலோசனை செய்யாமல் முடிவெடுப்பதில்லை. கடை வாசலுக்கு வந்ததும் அந்தப் பழக்கம் நின்றுவிடுகிறது. பொருள்களை எந்த அலமாரியில் வைத்தால் எடுக்க எளிது என்பது தினமும் எடுத்துக் கொடுக்கும் பையனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவனைக் கேட்பதில் முதலாளியின் மதிப்பு குறைந்துவிடாது. கேட்டுவிட்டு அவன் சொன்னதை ஏற்க முடியாவிட்டால், ஏன் முடியாது என்று காரணத்தைச் சொல்வதும் ஆலோசனையின் ஒரு பகுதி.

6. கஷ்டத்தில் தன் பங்கைச் சுமப்பார்

1950-ல் டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆட்களைக் குறைக்க நேர்ந்தது, கடுமையான வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்தவர், கார் தயாரிப்பைத் தொடங்கிய கீச்சிரோ டொயோடா. தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பும் நிலை வந்ததற்குப் பொறுப்பேற்றுத் தாமே பதவி விலகினார்.

இதன் தொடர்ச்சியை நம்மியிலும் காணலாம். 1988-ல் அங்கு தயாரான கார் சரியாக விற்கவில்லை, உற்பத்தியை வெகுவாகக் குறைக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை. வேலையில்லாத நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள், இயந்திரங்களைப் பராமரித்தார்கள். அதிகாரிகளுக்கென்று தனி உணவுக்கூடமும் அங்கே இல்லை, எல்லோரும் ஒரே இடத்தில் சாப்பிட்டார்கள்.

தவறைச் சொன்னால் வேலை போகும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் யாரும் கயிற்றை இழுக்க மாட்டார்கள். ஆகவே, "எதையும் என்னிடம் தயங்காமல் சொல்லுங்கள்" என்று தலைவர் நூறு முறை சொல்வதை விட, நட்டம் வந்த மாதத்தில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே பேசும். வெற்றி வந்தால் "நான்", தோல்வி வந்தால் "இவர்கள்" என்று பேசுபவரிடம் நாளடைவில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

7. தன் இடத்துக்கு ஆள் தயார் செய்வார்

தான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்பதைப் பெருமையாக நினைப்பவர்கள் உண்டு. நல்ல தலைவர் அதைக் குறையாகக் காண்பார். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்குப் பல வேலைகள் தெரிந்திருக்கும்படி பார்த்துக்கொள்வதும், மாற்றி மாற்றிச் செய்ய வைப்பதும் நம்மியின் நடைமுறை. குழுவில் நன்றாகச் செய்தவர் அடுத்த குழுத் தலைவர் ஆவதற்கு வழி இருந்தது.

வியாபார இரகசியம் போய்விடும் என்று அஞ்சி, கொள்முதல் எங்கே, கணக்கு எப்படி என்பதைப் பிள்ளைகளுக்கே சொல்லாமல் வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர் நோயுற்றுப் படுத்தால் கடையும் படுத்துவிடுகிறது. நம் கையின் கீழ் வேலை செய்பவரின் உழைப்பும் வளர்ச்சியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வந்தபோது இருந்ததைவிடக் கூடுதலாகத் தெரிந்தவராக அவரை அனுப்பி வைக்க வேண்டும்.

கயிற்றை மட்டும் நகலெடுத்தால்?

நம்மியின் வெற்றியைக் கண்ட ஜெனரல் மோட்டார்ஸ் சும்மா இருக்கவில்லை. அதே கலிஃபோர்னியாவில் வான் நைஸ் என்ற இடத்தில் இருந்த தன் தொழிற்சாலையிலும் இந்த முறையைக் கொண்டுவர முயன்றது. அங்கே குழுக்கள் பெயரளவில் அமைந்தன, மனங்கள் மாறவில்லை. தொழிலாளர்கள் நிர்வாகத்தை நம்பவில்லை. மேலாளர்களோ எத்தனை கார் வெளியே போனது என்ற எண்ணிக்கையையே பார்த்தார்கள். 1992-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. கயிறு, விளக்கு, அட்டவணை எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். இழுத்ததும் சிரித்த முகத்துடன் வரும் மனிதரை வாங்க முடியாது.

நல்ல குழுத் தலைவர்கள் இருந்தால் நிறுவனம் ஒருபோதும் விழாது என்றும் நாம் சொல்லவில்லை. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி நம்மியிலிருந்து விலகியது. டொயோட்டாவும் தொடரவில்லை. 2010 ஏப்ரலில் நம்மி மூடப்பட்டது. அந்த இடத்தில் இன்று டெஸ்லா கார்கள் தயாராகின்றன. குழுத் தலைவரால் சந்தையையோ உலகப் பொருளாதாரத்தையோ மாற்ற முடியாது. தன் கீழுள்ள ஆறேழு பேரின் வேலை நாளை மாற்ற முடியும். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் அதே மனிதர்களைக் கொண்டு 25 ஆண்டுகள் நல்ல கார்களைச் செய்ய முடிந்தது என்பது சிறிய விஷயம் அல்ல.

ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தும் முன்

கடையிலோ நிறுவனத்திலோ ஒருவரைக் குழுத் தலைவராக நியமிக்கும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்:

• புதிதாக வந்தவர்கள் சந்தேகம் கேட்க யாரிடம் போகிறார்கள்? பதவி இல்லாமலேயே ஒருவர் அந்த இடத்தில் இருப்பார். பெரும்பாலும் அவரே தகுதியானவர்.

• தன் தவறை இவர் மற்றவர் முன்னிலையில் ஒப்புக்கொண்டு நாம் பார்த்திருக்கிறோமா?

• தனக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கிறாரா, மறைக்கிறாரா?

• மேலே இருப்பவரிடம் ஒரு முகமும் கீழே இருப்பவரிடம் ஒரு முகமும் காட்டுகிறாரா?

• உறவினர், ஊர்க்காரர் என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைக்கிறாரா? குடும்ப வியாபாரத்தில் முதலாளியின் மச்சான் தாமதமாக வந்தால் ஒரு நீதி, மற்றவர் வந்தால் ஒரு நீதி என்றால் மேலே சொன்ன ஏழு பண்புகளும் வீணாகிவிடும்.

ஏற்கெனவே அந்தப் பொறுப்பில் இருக்கும் சகோதரர்களும் சகோதரிகளும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி போதும்: கடந்த ஒரு மாதத்தில் நம் குழுவில் யாராவது தாமாக வந்து, "இதை நான் தவறாகச் செய்துவிட்டேன்" என்று நம்மிடம் சொன்னார்களா? சொல்லியிருந்தால் நாம் சரியான வழியில் இருக்கிறோம். ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால், நாளைக் காலை வேலை தொடங்கும் முன் குழுவினருடன் பத்து நிமிடம் அமர்ந்து, "உங்கள் வேலைக்கு எது இடைஞ்சலாக இருக்கிறது?" என்று கேளுங்கள். முதல் நாள் யாரும் பேச மாட்டார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒருவர் தயங்கித் தயங்கி எதையாவது சொல்வார். அவருக்கு நாம் கொடுக்கும் பதிலை மற்ற எல்லோரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.